கை நிற்க, பந்து உருள

மவுஸ் பிடித்து வேலை செய்யும் ஒருவரைச் சற்று நேரம் கவனியுங்கள். திரையில் ஓர் அம்புக்குறி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். அதற்காக இங்கே உள்ளங்கை, மணிக்கட்டு, முன்கை, சில வேளை தோள்பட்டை வரை எல்லாம் புறப்பட்டுவிடுகின்றன. முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்தால் உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஒரு கிலோவைத் தாண்டும். எடையே இல்லாத அம்புக்குறியை நகர்த்த இவ்வளவு எடையை இழுத்துக்கொண்டு அலைய வேண்டுமா?

வேண்டாம் என்று ஒரு பழைய பதில் இருக்கிறது. கருவியை மேசைமேல் அசையாமல் வைத்துவிடு. அதில் பதித்த ஒரு பந்தை மட்டும் விரலால் உருட்டு. அந்தக் கருவிதான் டிராக்பால். மவுஸ் பிடிக்காதவர்களுக்காகப் பின்னால் வந்த மாற்று என்றுதான் பலரும் அதை நினைக்கிறார்கள். வயதில் அது மவுஸுக்கு அண்ணன், ஏறத்தாழ இருபது ஆண்டு மூப்பு.

இரண்டின் உள்ளேயும் ஓடுவது ஒரே இயக்கம்தான். உடலின் எந்தப் பகுதி அந்த வேலையைச் செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். எது வேகம், எது துல்லியம், எதில் கை வலிக்கும் என்று இவற்றைப் பற்றி எழும் வாதங்கள் எல்லாம் கடைசியில் அந்த ஒரு வித்தியாசத்தில் வந்து நிற்கும்.

போர்க்கப்பலின் குழந்தை

ரேடார் வந்த புதிதில் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. திரையில் ஒளிப்புள்ளிகள் மின்னுகின்றன. இவற்றில் எது பகை விமானம், அது எங்கே இருக்கிறது என்பதை ஒரு மனிதர் பார்த்து, அந்த இடத்தை இயந்திரத்துக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். வாயால் சொன்னால் நேரம் போதாது. திரைமேல் ஒரு குறியை ஓடவிட்டு, புள்ளியின்மேல் நிறுத்த ஏதாவது வழி வேண்டும்.

1946-இல் பிரிட்டிஷ் கடற்படைக்காக வேலை செய்த ரால்ஃப் பெஞ்சமின் அதற்கு ஒரு வழி கண்டார். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்து, நாஜிக் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்துக்கு அகதியாக வந்தவர் அவர். ரப்பர் பூசிய இரண்டு சக்கரங்கள்மேல் ஓர் உலோகப் பந்து உட்கார்ந்திருக்கும். பந்தை உருட்டினால் சக்கரங்கள் சுழலும். ஒரு சக்கரம் இடவலத்துக்கு, மற்றது மேல்கீழுக்கு. 1947-இல் காப்புரிமை பதிவானது. ஆனால் கப்பலுக்குப் போன கருவியில் இடம்பிடித்தது ஜாய்ஸ்டிக்தான். பந்து முன்மாதிரி அளவிலேயே நின்றுவிட்டது. ராணுவ ரகசியம் என்பதால் வெளியே தெரியவும் இல்லை.

அதைப் பற்றி ஏதும் அறியாமலே, அட்லாண்டிக்கின் மறுகரையில் கனடாவின் கடற்படை அதே பந்தை மறுபடியும் கண்டுபிடித்தது. கப்பல் கூட்டத்தில் ஒவ்வொரு கப்பலும் பார்க்கும் ரேடார் காட்சியை எல்லாக் கப்பல்களும் பகிர்ந்துகொள்ளும் டாட்டார் என்ற திட்டம் அது. ஃபெரான்டி கனடா நிறுவனத்தின் பொறியாளர்கள் டாம் கிரான்ஸ்டன், ஃபிரெட் லாங்ஸ்டாஃப், கென்யான் டெய்லர் மூவரும் 1950-களின் தொடக்கத்தில் அதற்கு ஒரு டிராக்பாலைக் கட்டினார்கள். பந்துக்கு எங்கே போவது? கனடாவில் ஐந்து கட்டைகளை வைத்து ஆடும் பவுலிங் விளையாட்டு ஒன்று உண்டு. அந்தப் பந்தில் விரல் நுழைக்கும் துளைகள் கிடையாது. ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் விட்டம், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை. கடையில் வாங்கிய அந்த விளையாட்டுப் பந்தே போர்க்கருவியின் கைப்பிடியாயிற்று.

1953-இல் ஒன்டாரியோ ஏரியில் டாட்டாரைச் சோதித்தார்கள்; வேலை செய்தது. ஒவ்வொரு கணினிக்கும் சுமார் 3,800 வால்வுகள் தேவைப்பட்டதால் ஒரு கடற்படைக்குத் தாங்குகிற செலவாக அது இல்லை. திட்டம் கைவிடப்பட்டது. பந்து மட்டும் பிழைத்துக்கொண்டது: ரேடார் அறைகளிலும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மேசைகளிலும் அது நிலையாக இடம்பிடித்தது.

கவிழ்த்தால் மவுஸ்

கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் எண்ணியதை பில் இங்கிலிஷ் 1964 வாக்கில் மரப்பெட்டியாகச் செய்து கொடுத்தார். அதுதான் முதல் மவுஸ். அதில் பந்து கிடையாது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு சக்கரங்கள் மேசையைத் தொட்டு நேரடியாக உருண்டன. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதை மேடையேற்றினார். கணினி வரலாற்று நூல்கள் எல்லாம் குறித்துவைத்திருக்கும் நாள் அது.

அதற்கு இரண்டு மாதம் முன்பே, அக்டோபர் மாதத்தில், ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் தன் கணினிகளுக்கான புதிய துணைக்கருவி ஒன்றை அறிவித்திருந்தது. ரைனர் மாலெப்ரைனும் அவர் குழுவினரும் விமானக் கட்டுப்பாட்டு மேசைகளுக்காக டிராக்பால் செய்துவந்தவர்கள். அதைப் பதிக்க மேசைப் பலகையில் துளை போட வேண்டும். துளையே வேண்டாமென்றால் என்ன செய்வது? பந்தை அடிப்பக்கமாகத் திருப்பிவைத்து, கருவி முழுவதையும் மேசைமேல் நகர்த்தினால் ஆயிற்று. உலகத்தின் முதல் பந்து மவுஸ் இப்படித்தான் பிறந்தது. காப்புரிமை கேட்டபோது, இதில் கண்டுபிடிப்பு என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை என்று ஜெர்மனியின் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

பில் இங்கிலிஷ் 1970-களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போய்ப் பந்து மவுஸைச் செய்தார். அந்த வடிவம்தான் அடுத்த கால் நூற்றாண்டுக்கு உலகின் மேசைகளை ஆண்டது. தொண்ணூறுகளில் கணினி கற்றவர்கள் மவுஸின் அடிமூடியைத் திருகித் திறந்து, உள்ளே இருக்கும் பந்தை எடுத்துத் துடைத்திருப்பார்கள். அப்போது அவர்கள் கையில் இருந்தது கவிழ்த்துவைத்த டிராக்பால்.

உருளலை எண்ணுதல்

பந்து எவ்வளவு உருண்டது என்பதைக் கருவி எப்படி அறிகிறது? பழைய முறையில் பந்தைத் தொட்டபடி இரண்டு உருளைகள் இருக்கும். ஒவ்வோர் உருளையின் முனையிலும் விளிம்பில் பள்ளங்கள் வெட்டிய ஒரு சக்கரம். ஒருபுறம் ஒளி உமிழும் டயோடு, மறுபுறம் ஒளியை உணரும் சில்லு. சக்கரம் சுழலும்போது ஒளி விட்டுவிட்டு விழும்; ஒவ்வொரு துடிப்பும் ஓர் எண்ணிக்கை. தூரம் தெரிந்துவிட்டது. திசை? அதற்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு உணரிகளை, ஒரு துடிப்பில் கால் பங்கு வித்தியாசம் வரும்படி தள்ளிவைக்கிறார்கள். முதலில் எது ஒளி பெறுகிறது என்று பார்த்தால் சக்கரம் முன்னால் சுழல்கிறதா, பின்னால் சுழல்கிறதா என்பது தெளிவாகும்.

1990-களின் நடுவில் லாஜிடெக் நிறுவனம் தன் டிராக்பாலில் இந்த உருளைகளைத் தூக்கிவிட்டது. பந்தின்மேல் சிறுசிறு புள்ளிகளைத் தாறுமாறாகத் தெளித்து, அந்தப் புள்ளிகளின் நகர்வை ஓர் ஒளியுணரிச் சில்லே பார்த்துக் கணக்கிடும்படி செய்தது. இன்றைய ஆப்டிகல் உணரிகள் எல்லாம் இந்த வழியில்தான் போகின்றன: நொடிக்கு ஆயிரக்கணக்கான சிறு படங்களை எடுத்து, ஒரு படத்தை அடுத்ததோடு பொருத்திப் பார்த்து, காட்சி எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கண்டுபிடிக்கின்றன. மவுஸில் அந்தக் கண் மேசையைப் பார்க்கிறது, டிராக்பாலில் பந்தைப் பார்க்கிறது.

இங்கே டிராக்பாலுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை உண்டு. மேசை ஒரு தளம். பந்து ஒரு கோளம். கோளம் மூன்று வழிகளில் சுழல முடியும்: முன்பின்னாக, பக்கவாட்டாக, இருந்த இடத்திலேயே பம்பரமாக. பந்தின் அடியில் ஒரே ஓர் உணரியை வைத்தால் முதல் இரண்டும்தான் அதற்குத் தெரியும். வேறோர் இடத்தில் இரண்டாவது உணரியை வைத்து, இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டால் மூன்றாவது சுழற்சியும் பிடிபடும். கென்சிங்டன் நிறுவனத்தின் ஸ்லிம்பிளேடு இப்படி இரண்டு உணரிகளைக் கொண்டது. பந்தை இருந்த இடத்திலேயே முறுக்கினால் திரையில் பக்கம் மேலும் கீழும் ஓடும்; உருட்டு சக்கரமே தேவையில்லை.

பருமனும் உராய்வும்

கட்டைவிரலால் உருட்டும் டிராக்பால்களின் பந்து பொதுவாக 34 மில்லிமீட்டர் விட்டம். விரல்களால் உருட்டும் பெரிய வகையில் அது 55 மில்லிமீட்டரையும் எட்டும். வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். இயற்பியல் வேறு கணக்குப் போடுகிறது. ஒரே பொருளாலான திண்மக் கோளம் சுழலத் தொடங்குவதற்கும் நிற்பதற்கும் காட்டும் தயக்கம், அதாவது அதன் நிலைமத் திருப்புத்திறன், ஆரத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப உயரும். விட்டம் 34-லிருந்து 55 ஆனால் அது சுமார் 11 மடங்காகிறது.

அதனால்தான் பெரிய பந்தை ஒரு தட்டுத் தட்டினால் தானே சுழன்றுகொண்டு போகும். திரையின் மறுகோடிக்கு அம்புக்குறியை வீசி எறியலாம். சின்னப் பந்து விரல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அட்டாரி நிறுவனம் 1980-இல் வெளியிட்ட மிஸைல் கமாண்ட் ஆட்டமும் மறு ஆண்டு வந்த சென்டிபீடும் பெரிய டிராக்பாலை நம்பியே ஆடப்பட்டன. வானத்திலிருந்து விழும் ஏவுகணைகளை நோக்கிக் குறியைச் சுழற்றி வீசுவதில் இருந்த சுகத்துக்குக் காரணம் அந்த நிலைமம்தான்.

நுட்பமான வேலைக்கு எதிரி உராய்வு. நின்றிருக்கும் பந்தை அசைக்கத் தேவையான விசை, ஓடும் பந்தை ஓட்டத் தேவையான விசையைவிட அதிகம். மெல்ல மெல்ல அழுத்துகிறோம், பந்து அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று துள்ளி, போக வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுகிறது. இதைக் குறைக்கத்தான் இன்றைய டிராக்பால்கள் பந்தை மூன்றே மூன்று சிறிய கடின மணிகள்மேல் நிறுத்துகின்றன. செயற்கை மாணிக்கக் கல், பீங்கான் வகைகள் போன்றவற்றால் ஆனவை அவை. ஆடாமல் நிற்க மூன்று புள்ளிகள் போதும். தொடும் பரப்பும் மிகச் சிறியது.

அந்த மூன்று மணிகளைச் சுற்றித்தான் அழுக்கும் சேரும். தோலின் எண்ணெயும் தூசும் பந்தோடு உள்ளே போய், மணிகளின் ஓரத்தில் சாம்பல் நிறத் திரளாக ஒட்டிக்கொள்ளும். பந்து இடறத் தொடங்கினால் கருவியைக் குறை சொல்லக் கூடாது. பல மாதிரிகளின் அடியில் ஒரு துளை இருக்கும். பென்சிலால் அங்கே குத்தினால் பந்து வெளியே வந்துவிடும், மணிகளைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டியதுதான். விசித்திரம் என்னவென்றால், சுத்தமாகக் கழுவித் துடைத்த பந்து முதலில் சற்று முரண்டு பிடிக்கும். தோலின் எண்ணெய் அளவோடு இருந்தால் அதுவே மசகு. பழகிய கைகள் பந்தை நெற்றியில் ஒருமுறை தேய்த்துவிட்டுப் போடுவது இதனால்தான்.

எது வேகம்?

சுட்டும் கருவிகளை அளக்க ஒரு விதி இருக்கிறது. 1954-இல் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் கண்டது. ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், இலக்கு இருக்கும் தூரத்தையும் அதன் அகலத்தையும் சேர்த்தே அமைகிறது. தூரத்தின் இரு மடங்கை அகலத்தால் வகுத்து, இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை எடுத்தால் அந்தக் காரியத்தின் கடினம் கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் அகலப் பொத்தான் 16 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் கடினம் 5. தூரத்தை இரட்டித்தால் 6 ஆகிறது. தூரத்தை விட்டுவிட்டுப் பொத்தானை இரட்டித்தால் 4. கடினம் ஒரு படி ஏறும்போதெல்லாம் நேரம் ஏறத்தாழ ஒரே அளவு கூடும். அந்த அளவு எவ்வளவு என்பது கருவிக்குக் கருவி மாறும். அதைக் கொண்டு கருவிகளை ஒப்பிடலாம்.

1991-இல் ஸ்காட் மெக்கன்சி, அபிகெய்ல் செல்லன், பில் பக்ஸ்டன் மூவரும் மவுஸ், கணினிக்கான எழுதுகோல், டிராக்பால் மூன்றையும் இப்படி அளந்தார்கள். டிராக்பால் கடைசியில் வந்தது. வெறுமனே சுட்டுவதில் மட்டுமல்ல, ஒன்றைப் பிடித்து இழுத்துச் செல்லும் வேலையில் இன்னும் மோசமாகப் பின்தங்கியது. காரணம் கையின் அமைப்பிலேயே இருந்தது. இழுக்கும்போது ஒரு விரல் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், மற்ற விரல்கள் பந்தை உருட்ட வேண்டும். நம் விரல்கள் ஒன்றையொன்று முழுதாக விட்டுப் பிரிந்தவை அல்ல. தசைகளையும் தசைநாண்களையும் பங்குபோட்டுக்கொண்டவை. மோதிர விரலை மட்டும் தனியே மடக்கிப் பாருங்கள், பக்கத்து விரலும் கூடவே வரும். மவுஸில் பொத்தான் விரலின் வேலை, நகர்த்துவது கையின் வேலை, இரண்டும் முட்டிக்கொள்வதில்லை. இந்தக் குறையை உணர்ந்துதான் சில டிராக்பால்களில் ஒருமுறை அழுத்தினால் பிடித்தபடியே இருக்கும் தனிப் பொத்தானை வைக்க வழி செய்தார்கள்.

டிராக்பால் விசிறிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆய்வகம் அளப்பது சில நிமிட ஓட்டத்தை. அலுவலக நாள் எட்டு மணி நேரம். அதில் பெரும்பகுதி படிப்பதும் யோசிப்பதும் தட்டச்சு செய்வதும். ஒரு சுட்டலில் நொடியின் சிறு பகுதி கூடுவதோ குறைவதோ கணக்குப் பார்ப்பவருக்கும் எழுதுபவருக்கும் பெரிதல்ல. துல்லியமாகச் சுட வேண்டிய ஆட்டக்காரருக்குப் பெரிது. ஆகவே மவுஸ் வேகமானது என்பது உண்மை. அந்த வேகம் யாருக்குப் பயன் என்பது வேறு கேள்வி.

வலி இடம் மாறும்

டிராக்பால் வாங்குகிறவர்களில் பலர் மணிக்கட்டு வலியோடு வருகிறவர்கள். மவுஸ் பிடிக்கும்போது கை பெரும்பாலும் கீபோர்டின் எண் பகுதியைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும்; மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக வளைந்திருக்கும். நாள் முழுவதும் இந்த வளைவு. டிராக்பாலில் கை ஓரிடத்தில் இளைப்பாறுகிறது, முழங்கையும் தோளும் ஓய்கின்றன. மணிக்கட்டின் கோணங்களை அளந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 1999-இல் இதை உறுதிசெய்தது: டிராக்பாலில் பக்கவாட்டு வளைவு குறைந்தது. அதே ஆய்வு மற்றொன்றையும் கண்டது: மணிக்கட்டு பின்னோக்கி, அதாவது புறங்கைப் பக்கமாக, மடங்குவது கூடியது. பந்து உயரத்தில் இருக்கிறது, விரல்கள் அதன்மேல் ஏற வேண்டும். மணிக்கட்டு அதற்கு வளைந்து கொடுக்கிறது.

இந்த இரண்டாவது வளைவை அலட்சியம் செய்ய முடியாது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் மணிக்கட்டில் கார்பல் டனல் என்ற குறுகிய வழியே நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டு அதிகம் மடங்கினால் அந்த வழியில் அழுத்தம் கூடும். உயரமான டிராக்பாலின் முன்னால் கைக்கு ஒரு தாங்கு வைப்பது இதற்காகத்தான்.

கட்டைவிரல் வகையில் கதை வேறு. அங்கே உள்ளங்கை மவுஸ் பிடிப்பதுபோலவே படிந்திருக்கும். புதியவர்களுக்குச் சீக்கிரம் பழகிவிடும். ஆனால் திரையின் முழு நீள அகலத்தையும் ஒரே ஒரு விரல் சுமக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 34 மில்லிமீட்டர் பந்தின் சுற்றளவு 107 மில்லிமீட்டர், அதாவது நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல். அங்குலத்துக்கு 400 எண்ணிக்கை தரும் உணரி என்றால், பந்து ஒரு முழுச் சுற்று சுற்றினாலும் 1,700 புள்ளிகளைத் தொடாது. திரையோ 1,920 புள்ளி அகலம். கட்டைவிரல் ஒரு வீச்சில் முழுச் சுற்றைத் தர முடியாது. தள்ளி, எடுத்து, மறுபடி தள்ள வேண்டும். கட்டைவிரலை விரித்துத் தூக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை வீங்கினால் வரும் வலிக்கு, அதை 1895-இல் விவரித்த சுவிட்சர்லாந்து மருத்துவர் டி குவர்வெனின் பெயர்தான் இன்றும். கட்டைவிரல் ஏற்கெனவே வலிக்கிறதென்றால் அந்த வகை டிராக்பால் மருந்தாகாது. அம்புக்குறியின் வேகத்தைக் கூட்டிவைப்பதோ, நடுவிரல்களால் உருட்டும் வகைக்கு மாறுவதோ நல்லது. இடக்கைக்காரர்களுக்கும் விரல் வகையே வசதி. அவற்றில் பல இருபுறமும் ஒரே வடிவம் கொண்டவை.

மேசை இல்லாத இடங்கள்

வீட்டுக் கணினிச் சந்தையில் டிராக்பால் சிறுபான்மைதான். ஆப்பிளின் முதல் பவர்புக்குகள் 1991-இல் கீபோர்டைப் பின்னுக்குத் தள்ளி, முன்னால் நடுவில் ஒரு டிராக்பாலைப் பதித்து வந்தன. 1994-இலேயே ஆப்பிள் தொடுபலகைக்கு மாறத் தொடங்கிவிட்டது. 2006-இல் பிளாக்பெரி பேர்ல் கைபேசி முத்துப் போன்ற ஒரு சின்னஞ்சிறு பந்தோடு வந்தது. சட்டைப்பைத் தூசு அதைப் படுத்திய பாட்டில் சில ஆண்டுகளில் அதுவும் போயிற்று. மூடியில்லாத பந்து தூசு நிறைந்த உலகில் வாழ்வது கடினம்.

ஆனால் மேசை இல்லாத, அல்லது மேசையே ஆடுகிற இடங்களில் பந்துக்குப் போட்டியில்லை. ஸ்கேன் அறையில் அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தின் பலகையைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு பந்து இருக்கும். மருத்துவர் ஒரு கையால் நோயாளியின் வயிற்றில் கருவியை நகர்த்தியபடி, மற்றொரு கையால் அந்தப் பந்தை உருட்டி, கருவின் தலை அகலத்தை இரண்டு குறிகளுக்கிடையே அளப்பார். சக்கர வண்டியில் நிற்கும் அந்த இயந்திரத்தில் மவுஸுக்கு இடமும் இல்லை, அதைப் பார்த்துக்கொள்ளக் கையும் இல்லை. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் ஓட்டுநர் அறையிலும் ஒரு டிராக்பால் உண்டு. விமானம் குலுங்கினாலும் பந்து தன் குழியை விட்டுப் போகாது.

சென்னையில் சினிமாவுக்கு டிஐ எனப்படும் வண்ணத் திருத்தம் செய்யும் அறைகளில் வேறொரு காட்சி. வண்ணம் திருத்தும் பலகையில் டிராக்பால்கள் மூன்றாக வரிசையில் இருக்கும்: ஒன்று இருண்ட பகுதிகளுக்கு, ஒன்று நடுத்தர ஒளிக்கு, ஒன்று பிரகாசமான பகுதிகளுக்கு. பந்தை எந்தப் பக்கம் உருட்டுகிறோமோ அந்த நிறத்தின் பக்கம் காட்சி சாயும். நிறங்களை ஒரு வட்டத்தில் அடுக்கினால் எந்தத் திசையிலும் நகர முடிய வேண்டும், எந்தத் திசையிலும் விளிம்பில் முட்டக் கூடாது. அதற்குப் பந்தைவிடப் பொருத்தமான உருவம் இல்லை. இரண்டு கைகளும் இரண்டு பந்துகளில் இருக்க, கண் திரையை விட்டு அகலாது.

இந்த மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் தெரிகிறது. கருவியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது எது சிறந்தது என்று அல்ல. என் கை எங்கே இருக்க வேண்டும், எந்த மூட்டு உழைக்கலாம், எது ஓய வேண்டும் என்றுதான். தோளும் முழங்கையும் வலிப்பவருக்கு டிராக்பால் நல்ல மாற்று. கட்டைவிரல் நொந்தவருக்குக் கட்டைவிரல் வகை தீங்கு. நாள் முழுவதும் இழுத்து வரைபவருக்கு எழுதுகோலோ மவுஸோ போதும். வலது கையில் மவுஸும் இடது கையில் டிராக்பாலும் வைத்து மாற்றி மாற்றி உழைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடையது மோசமான யோசனை அல்ல. அம்புக்குறியை நகர்த்தும் உழைப்பை எந்தக் கருவியாலும் ஒழிக்க முடியாது. அதை உடலின் எந்த மூலையில் வைப்பது என்று முடிவு செய்யும் உரிமையை மட்டும் இந்தப் பந்து நமக்குக் கொடுக்கிறது.